கோர் கூடியும் வேகம் கூடவில்லையே, ஏன்?

கேள்வி: எங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை 4 கோர் சர்வரிலிருந்து 32 கோர் சர்வருக்கு மாற்றினோம். பில் போடும் வேகம் துளியும் கூடவில்லை. கனெக்‌ஷன்களை 400 வரை ஏற்றியதும் இன்னும் மந்தமாகிவிட்டது. பெரிய ரிப்போர்ட்டும் பழையபடிதான் இழுக்கிறது. சர்வரில் கோளாறா?

பதில்: சர்வரைச் சந்தேகிக்கும் முன்பு பில் எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு டேபிளில் ஒரே ஒரு வரிசையில் கடைசி எண்ணை வைத்து, ஒவ்வொரு பில்லுக்கும் அதில் ஒன்று கூட்டுகிறீர்களா? அப்படியென்றால் முதலில் வந்த டிரான்சாக்‌ஷன் (ஒரு பில்லைப் பதியும் மொத்த வேலை) கமிட் ஆகும்வரை, அதாவது முடிந்து நிலையாகும்வரை, அந்த வரிசை பூட்டிக் கிடக்கும், மற்ற எல்லாம் பின்னால் காத்து நிற்கும். பூட்டியதிலிருந்து கமிட் வரை 5 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வையுங்கள், நொடிக்கு 200 பில்தான், கோர் 32 ஆனாலும் 64 ஆனாலும் அதே 200! சீக்வென்ஸுக்கு (டேட்டாபேஸே அடுத்த எண்ணைத் தரும் வசதி) மாறினால் இந்தக் காத்திருப்பு போய்விடும், ஆனால் ரோல்பேக் ஆன (பாதியில் ரத்தான) பில்களின் எண்கள் விட்டுப்போகும். எண் விடுபடவே கூடாது என்றால் அந்த அப்டேட்டை டிரான்சாக்‌ஷனின் கடைசி வேலையாகத் தள்ளுங்கள், பூட்டியிருக்கும் நேரமாவது குறையும்.

அப்புறம் அந்த 400. போஸ்ட்கிரெஸில் ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு பிராசஸ். இத்தனை பேர் 32 கோருக்கு மோதும்போது மாறி மாறி ஏறி இறங்குவதிலும், டேட்டாபேஸின் உள்பூட்டுகளுக்கு அடித்துக்கொள்வதிலும் நேரம் கரைகிறது. பூட்டு இருக்கும் அந்தச் சின்ன மெமரித் துண்டு ஒவ்வொரு கோரின் கேஷுக்கும் (கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேக மெமரி) பறந்துகொண்டே இருக்கும், இரண்டு சாக்கெட் (இரண்டு பிராசஸர் சிப்) போர்டு என்றால் அந்தப் பயணம் இன்னும் நீளம். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் குவெரி கேஷ் (குவெரி முடிவுகளைச் சேமித்து வைக்கும் வசதி) என்று ஒன்று இருந்ததே, ஒற்றைப் பூட்டில் எல்லாரும் வந்து முட்டிக்கொண்டதால் 2018-இல் வந்த 8.0 பதிப்பில் அதையே தூக்கிவிட்டார்கள். நீங்கள் பிஜிபவுன்சர் (பலர் ஒரு சில கனெக்‌ஷன்களை மாறி மாறிப் பயன்படுத்த வைக்கும் இடைநிலை மென்பொருள்) போட்டு கனெக்‌ஷனை 64 அளவில் வைத்து, அங்கிருந்து கூட்டியும் குறைத்தும் அளந்து பாருங்கள்.

ரிப்போர்ட் விஷயம் எளிது. ஒரே குவெரியைப் பல கோரில் பிரித்து ஓட்டும் வசதி போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பிலிருந்து இருக்கிறது, ஆனால் சாதாரணமாக இரண்டு உதவி பிராசஸ்களுக்கு மேல் எடுக்காது. மேக்ஸ்_பேரலல்_வொர்க்கர்ஸ்_பெர்_கேதர் என்ற செட்டிங்கை அந்த ரிப்போர்ட் ஓடும் செஷனில் மட்டும் 6 ஆக்குங்கள், எல்லாருக்கும் ஏற்றினால் பில் போடுகிறவர்களின் கோரை ரிப்போர்ட் பிடுங்கிக்கொள்ளும்.

எதையும் மாற்றும் முன், நெரிசலான நேரத்தில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் (எந்தக் கனெக்‌ஷன் என்ன செய்கிறது என்று போஸ்ட்கிரெஸ் காட்டும் பட்டியல்) வெயிட்_ஈவென்ட்_டைப் (எதற்காகக் காத்திருக்கிறது) என்ற பத்தியை (column) நான்கைந்து முறை எடுத்துப் பாருங்கள். ‘லாக்’ என்று வரிசையாக வந்தால் நான் சொன்ன பில் எண்தான், ‘எல்டபிள்யூலாக்’ என்றால் உள்பூட்டு. ஓடிக்கொண்டிருக்கும் குவெரிகளுக்கு அந்தப் பத்தி காலியாக இருந்தால் மட்டும் கோரைப் பற்றி யோசிக்கலாம்.