பிடித்த கிலோவும் கைதான தலையும் எதைக் காட்டும்?

"ஆண்டுதோறும் இத்தனை ஆயிரம் கிலோ பிடிக்கிறார்கள், இத்தனை பேரைக் கைது செய்கிறார்கள். அப்படியென்றால் இந்தியாவின் போதைப்பொருள் தடுப்புக் கொள்கை வெற்றிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் (என்.டி.பி.எஸ்.) வழக்கு நடத்தும் வக்கீலாகச் சொல்கிறேன்: அந்தக் கணக்கை வைத்துப் போலீஸ் எவ்வளவு உழைத்தது என்று சொல்லலாம், போதை குறைந்ததா என்று சொல்ல முடியாது.

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில், டால்க் (பவுடர் செய்யும் கல்) என்று சொல்லி வந்த கன்டெய்னர்களில் கிட்டத்தட்ட 3,000 கிலோ ஹெராயின் சிக்கியது. பெரிய வேட்டைதான். ஆனால் கண்காணிப்பு கூடினாலும் இப்படிச் சிக்கும், வரத்து கூடினாலும் சிக்கும். எது என்று தெரிய, அடுத்த சில மாதங்களில் தெருவில் பொட்டலம் விலை ஏறியதா, சரக்கின் தரம் இறங்கியதா என்று பார்க்க வேண்டும்.

கைது எண்ணிக்கை இதைவிடச் சிக்கல். கஞ்சா 1 கிலோ வரை இருந்தால் சட்டத்தில் 'சிறிய அளவு', அதிகபட்சம் 1 ஆண்டு. தாண்டிவிட்டால் 10 ஆண்டு வரை போகலாம். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, ஜாமீனே குதிரைக்கொம்பு. என் மேசைக்கு வரும் எஃப்.ஐ.ஆர்.களில் '1 கிலோ 100 கிராம்' அடிக்கடி வரும். தராசு எப்போதும் கோட்டுக்குச் சற்று மேலேயே எப்படி நிற்கிறது என்பது கோர்ட் வராந்தாவில் பழைய ஜோக். பிடிபடும் பையன்களில் பலர் தங்கள் செலவுக்காக நாலு பொட்டலம் விற்பவர்கள். புள்ளிவிவரத்தில் அவனும் ஒரு கைது, மொத்த வியாபாரியும் ஒரு கைது.

சரி, பயன்பாடு கூடியதா குறைந்ததா? எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019இல் வெளியானது. ஹெராயின், அபின், வலி மாத்திரை எல்லாம் சேர்ந்த ஓபியாய்டு வகையைப் பயன்படுத்துவோர் சுமார் 2.1%, அதாவது 2 கோடிக்கு மேல். இதை எதோடு ஒப்பிடுவது? 2004இல் வெளியான முந்தைய வீடுவாரி ஆய்வு ஆண்களை மட்டுமே கணக்கெடுத்தது. 1985இல் சட்டம் வந்த நாட்டில் நிலைமை இதுதான்.

இன்னொன்று. அந்த 2019 ஆய்விலேயே ஹெராயின் 1.14% என்றால், போதைக்காகப் பயன்படுத்தும் வலி மாத்திரைகள் 0.96%. கஞ்சாவுக்குக் கெடுபிடி கூடினால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள் என்று என் கட்சிக்காரர்களே சொல்கிறார்கள். கஞ்சா வழக்கு குறைந்தது என்று அறிக்கை வரும், ஊசி வழியாக எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பரவுவது அதில் வராது.

என்னைக் கேட்டால் முதலில் 64ஏ பிரிவின் கணக்கைத்தான் கேட்பேன். போதைக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தானாகச் சிகிச்சைக்குச் சேர்ந்தால், வழக்கிலிருந்து விலக்குத் தரும் பிரிவு அது. எங்கள் பக்கம் அந்த மனுவைப் போட நினைத்தால், எந்த மையத்தில் படுக்கை காலியாக இருக்கிறது என்று விசாரிப்பதிலேயே வாய்தா தேதி வந்துவிடுகிறது.