எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போக நகைமேல் இன்னும் 1,20,000 வாங்கலாமா?

கேள்வி: வயது 41. வீடு காவேரிப்பட்டணம், வேலை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில். கைக்கு 46,000 வருகிறது, வீட்டுச் செலவு 32,000. மாதம் 5,000 ஆர்.டி. கட்டுகிறேன், இதுவரை 70,000 சேர்ந்திருக்கிறது. தீபாவளி போனஸ் 42,000 அப்படியே இருக்கிறது. போச்சம்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருக்கும் மச்சானுக்கு போர் போட, மனைவியின் 9 பவுனை (அதில் சங்கிலி 2½ பவுன்) பேங்கில் 2,40,000க்கு வைத்தேன். வருகிற தையோடு நான்கு வருடம். ஒவ்வொரு தையிலும் திருப்பி வைப்பேன், மேல்தொகையும் வாங்கி மச்சானுக்கே கொடுப்பேன், கடன் 2,80,000, 3,30,000 என்று ஏறி இப்போது 4,00,000. மச்சானிடமிருந்து வருடத்துக்கு இரண்டு கூடை மாம்பழம் வரும். நண்பர்கள் ஏப்ரலில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிறார்கள். காத்மாண்டுவிலிருந்து பேக்கேஜ் 65,000, ஓய்வு நாளைக் குறைத்தால் 6,000 மிச்சம். தங்கம் ஏறியிருப்பதால் நகைமேல் இன்னும் 1,20,000 கிடைக்கும் என்கிறார்கள். அதை வாங்கிப் போகலாமா, அல்லது டிரெக்கிங் கம்பெனியின் வட்டியில்லாத் தவணையா? பின்குறிப்பு: போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு மனைவி கவரிங் செயின் போட்டு வந்தார். சாயங்காலத்துக்குள் கழுத்து கறுத்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் சரியான பேச்சில்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயம் பின்குறிப்பில்தான் இருக்கிறது. இமயமலைக்கு அப்புறம் வருவோம்.

நகைக்கடன் வைப்பதைக் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் அவசரத்துக்கு அதைவிடக் குறைந்த வட்டியில் பணம் கிடைப்பது கஷ்டம். உங்களைக் கெடுப்பது திருப்பி வைக்கும் நாளில் நடக்கும் ஒரு சின்ன உரையாடல். “சார், விலை ஏறியிருக்கு, கூட வேணுமா?” நீங்கள் தலையாட்டினீர்கள். அந்தக் கூடுதல் பணத்திலேயே பழைய வட்டியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் தந்தார்கள். பையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாததால் வட்டி கட்டியதே உங்களுக்குத் தெரியவில்லை.

நீங்கள் எழுதிய தொகைகளை வைத்து, சுமார் 9.5 சதவீத வட்டியில் போட்டுப் பார்த்தேன். முதல் வருட வட்டி 22,800. கடன் 2,80,000 ஆனது, கைக்கு வந்தது 17,200. இரண்டாம் வருட வட்டி 26,600, கடன் 3,30,000, கைக்கு 23,400. மூன்றாம் வருடம் 31,350 வட்டி, கடன் 4,00,000, கைக்கு 38,650. வருகிற தையில் 38,000 கேட்பார்கள். நான்கு வருட வட்டி மொத்தம் 1,18,750. பேஸ் கேம்ப் போய்வரும் செலவை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். படம்தான் எடுக்கவில்லை.

தவணைத் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. வட்டியில்லை என்பார்கள், செயல்முறைக் கட்டணம் என்று ஒன்று இருக்கும், மொத்தமாகக் கட்டுபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது. இறங்கி வந்த பிறகும் மலைக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். வேண்டாம்.

தையில் செய்ய வேண்டியது இது. 38,000 வட்டியைப் போனஸிலிருந்து கட்டுங்கள். கூட வேணுமா என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம் 9 பவுனையும் ஒரே கடனாக வைக்காமல், வளையல் தனி, சங்கிலி தனி, மற்றது தனி என்று மூன்று கடனாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரே கடனாக இருந்தால் 4,00,000 முழுதாகக் கட்டும்வரை ஒரு மூக்குத்தியைக்கூட எடுக்க முடியாத நிலை வரும். சங்கிலி 2½ பவுன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதன் பங்கு 1,11,000 வரும். அதைத்தான் முதலில் மீட்க வேண்டும்.

மச்சானிடம் நீங்கள் பேசாதீர்கள், அவருடைய அக்காவான உங்கள் மனைவி பேசட்டும். நகை அவருடையது. முதலில் வாங்கிய 2,40,000, பிறகு கைக்கு வந்த மேல்தொகைகள் எல்லாம் சேர்த்து இதுவரை அந்தத் தோப்புக்குப் போனது 3,19,250. ஒரேயடியாகக் கேட்டால் தரமாட்டார், தரவும் முடியாது. பெங்களூரா மாங்காய்க்கு என்ன விலை என்பது மாங்கூழ் ஆலைக்காரர்கள் கையில் இருக்கிறது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் ஜூலையில் அறுவடைப் பணம் வந்ததும் 50,000 கேட்கலாம். உங்கள் கையில் வேண்டாம், நேராகச் சங்கிலிக் கடன் கணக்கில் கட்டச் சொல்லுங்கள். மாம்பழக் கூடையையும் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை.

செலவும் ஆர்.டி.யும் போக உங்களிடம் 9,000 மிஞ்ச வேண்டும். அதில் 8,000 ஜனவரி முதல் செப்டம்பர் வரை கட்டினால் 72,000. மச்சானின் 50,000 சேர்ந்தால் வட்டியோடு சங்கிலி வெளியே வந்துவிடும்.

ஆர்.டி.யை உடைத்துக் கடனில் போடுங்கள் என்றுதான் நான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த 70,000க்கு வட்டி வித்தியாசம் வருடத்துக்கு 1,750 ரூபாய்போல வரும். 41 வயதில் ஒரு மனிதன் மலை ஏற ஆசைப்படுகிறான், அதற்கு அந்தக் கூலியைக் கொடுக்கலாம். ஆர்.டி. ஓடட்டும். அக்டோபரில் 1,20,000 இருக்கும். மழை விட்டு வானம் தெளியும் அதுவும் நல்ல பருவம்தான். நண்பர்கள் ஏப்ரலில் போய் வரட்டும்.

65,000 என்பது முழுச் செலவில்லை. பெங்களூரிலிருந்து காத்மாண்டு போய்வர விமானத்துக்கு 25,000 வையுங்கள். தூங்கும் பையும் இறகு ஜாக்கெட்டும் காத்மாண்டு தமேலில் வாடகைக்கே கிடைக்கும். ஷூ மட்டும் இங்கேயே வாங்கி வத்தல்மலையில் நாலு முறை ஏறி இறங்கிப் பழக்குங்கள். அதற்கெல்லாம் 10,000. காப்பீடு, வழிகாட்டிக்கும் சுமை தூக்குபவருக்கும் அன்பளிப்பு, மேலே போகப் போக விலை ஏறும் வெந்நீர், போன் சார்ஜ் என்று 15,000. ஆக 1,15,000. நடை தொடங்கும் ஊரான லுக்லாவுக்குப் போகும் விமானத்தை, சீசனில் காத்மாண்டுவுக்குப் பதிலாக ராமேச்சாப்பிலிருந்து விடுவது வழக்கம், அங்கே போகும் ஜீப் செலவு பேக்கேஜில் இருக்கிறதா என்று கேளுங்கள். லுக்லாவில் மேகம் மூடினால் விமானம் வராது, கூடுதலாக இரண்டு நாள் லீவு போடுங்கள்.

ஓய்வு நாளைக் குறைத்தால் 6,000 மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். 3,440 மீட்டர் நாம்சேயிலும் 4,410 மீட்டர் டிங்போச்சேயிலும் ஒரு நாள் சும்மா இருப்பது உடம்பு உயரத்துக்குப் பழகத்தான். பேஸ் கேம்ப் 5,364 மீட்டர். மூச்சு முட்டி ஹெலிகாப்டரில் இறக்கினால் பில் லட்சங்களில் வரும், சாதாரணப் பயணக் காப்பீடு அந்த உயரத்துக்குச் செல்லாது. 6,000 மீட்டர் வரை, ஹெலிகாப்டரோடு என்று பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஜூலையில் மச்சான் பணம் வரவில்லையென்றால் சங்கிலி அடுத்த ஏப்ரல்வரை இழுக்கும். அப்போது உங்கள் டிக்கெட்டும் அதற்கப்புறம்தான்.