மக்கும் பை கிழிகிறது: குறை கிரானுலிலா, மெஷினிலா?

கேள்வி: கோவையில் பாலித்தீன் பை போடும் சிறு யூனிட் வைத்திருக்கிறேன். மக்கும் பை தயாரிக்க, பி.எல்.ஏ. என்ற மக்கும் பிளாஸ்டிக் கலந்த கிரானுல் (பிளாஸ்டிக் குருணை) 2 டன் வாங்கினேன். பை தொட்டாலே கிழிகிறது. சப்ளையரோ, "நீங்கள் ஓட்டிய விதம் தப்பு" என்று சொல்லி, பாக்கிப் பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பிவிட்டார். நான் புகாரைப் போனில்தான் சொன்னேன். என்ன செய்வது?

பதில்: பிரிக்காத மூட்டை ஒன்றாவது மீதி இருக்கிறதா? இருந்தால் தொடாதீர்கள். உங்கள் வழக்கே அதற்குள்தான் இருக்கிறது.

சப்ளையர் சொல்வதை அடியோடு தள்ளவும் முடியாது. பாலித்தீன் ஈரம் குடிக்காது. அதனால் உங்களைப் போன்ற யூனிட்டுகளில் டிரையர் வைக்கும் பழக்கமே இல்லை. பி.எல்.ஏ. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு 200 டிகிரி சூட்டில் உருக்கினால், அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து, பை வலுவிழக்கும். ஓட்டும் முன் ஈரம் 0.025 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. மெஷினில் கிரானுலை உருக்கும் பாரலின் சூடு ஏறினாலும், உருகியது உள்ளே நெடுநேரம் தங்கினாலும் இதே கதிதான்.

சரி, சட்டம். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், சரக்கு அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்கிறது 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 16. உங்களிடம் டிரையர் இல்லை என்று தெரிந்தே விற்றாரா? டேட்டா ஷீட்டில் உலர்த்தச் சொல்லியிருந்ததா? சொல்லியும் நீங்கள் உலர்த்தவில்லை என்றால், உங்கள் பக்கம் பலவீனம்தான்.

சப்ளையருக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, அந்த மூட்டையிலும் கிழிந்த பையிலும் சாம்பிள் எடுத்து, சென்னை கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் மெல்ட் ஃப்ளோ இண்டெக்ஸ் பாருங்கள். உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு எளிதில் ஓடுகிறது என்பதைக் காட்டும் எண் அது; சங்கிலி அறுந்தால் எண் ஏறும். கிரானுலிலேயே எண் எகிறியிருந்தால் குறை சரக்கில். பையில் மட்டும் எகிறியிருந்தால் உங்கள் மெஷினைத்தான் கேட்பார்கள். மூட்டைக்குள் ஈரம் எவ்வளவு என்றும் பார்த்துவிடுங்கள்; பேக்கிங் சரியில்லை என்றால் கதை மாறும்.

போனில் மட்டும் சொன்னதுதான் எனக்குக் கவலை. சப்ளையர் குறு, சிறு நிறுவனமாகப் பதிந்தவர் என்றால், டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காத சரக்கை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகவே 2006 எம்.எஸ்.எம்.இ. சட்டம் எடுத்துக்கொள்ளும். பாக்கிக்கு வட்டியும் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. ஆனாலும் சரக்குக் குறைக்கு விலையில் கழிவு கேட்கும் உரிமை சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 59-இல் இருக்கிறது. அவர் பாக்கியை வசூலிக்க, அந்த எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் கவுன்சிலுக்குப் போனால், அங்கேயே எதிர்க்கோரிக்கை வைக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நுகர்வோர் கோர்ட்டை மறந்துவிடுங்கள். வியாபாரத்துக்கு வாங்கியது என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம்.

நோட்டீஸுக்கு உடனே பதில் போடுங்கள். லாட் எண், நீங்கள் போன் செய்த தேதிகள் எல்லாம் அதில் வரட்டும். அப்புறம், பாரல் சூடு குறித்த லாக் ஷீட் இருந்தால், ஓர் எண்ணைக்கூடத் திருத்தாமல் பத்திரப்படுத்துங்கள்.