சார்லியும் பெர்னார்டும் ஜெயித்ததை வைத்தே பதில் எழுதலாம்

வணக்கம். ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரணம்' (1949) பற்றிய கட்டுரையில் சிக்கியிருக்கிறீர்கள். விற்பனையாளன் வில்லியின் பக்கத்து வீட்டுக்காரர் சார்லியும் அவர் மகன் பெர்னார்டும் வெற்றி பெறுகிறார்களே, அப்புறம் நாடகம் வெற்றியை விமர்சிக்கிறது என்று எப்படிச் சொல்வது என ஆசிரியர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, அதை ஒதுக்காதீர்கள்.

மில்லர் குறிவைப்பது பணத்தை அல்ல. ஒரு மனிதனின் மதிப்பே அவன் சம்பாத்தியமும் அவனை எத்தனை பேருக்குப் பிடிக்கிறது என்பதும்தான் என்ற நம்பிக்கையை. பெர்னார்ட் உச்ச நீதிமன்றத்தில் வாதாடப் போகிறான், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வில்லி வியந்துபோகிறார். அந்தக் காட்சியை விரிவாக எழுதுங்கள்.

வில்லியின் முதலாளி ஹோவர்டு வரும் காட்சியையும் விடக்கூடாது. 34 ஆண்டு உழைத்தேன் என்று வில்லி கெஞ்சுகிறார். பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை எறிவதுபோல் மனிதனை எறிய முடியாது என்கிறார். ஆனாலும் வேலை போகிறது. இங்கே தவறு வில்லியுடையது மட்டுமல்ல, அந்த வணிக உலகத்துடையதும்தான்.

என்னை மிகவும் உலுக்குவது கடைசிப் பகுதி. அப்பா விற்ற அத்தனையையும்விட அவர் கட்டிய வாசல் படியில்தான் உண்மையான அவர் அதிகம் தெரிந்தார் என்கிறான் வில்லியின் மூத்த மகன் பிஃப். கையில் சிமென்ட் இருந்தால் அவர் சந்தோஷமான மனிதர் என்று சார்லியும் ஒப்புக்கொள்கிறார். கை வேலையில் நிறைவு கண்டவர், 20,000 டாலர் காப்பீட்டுப் பணத்துக்காக, செத்தால்தான் தனக்கு மதிப்பு என்று நம்பி உயிரை விடுகிறார். வீட்டுக் கடனின் கடைசித் தவணையை அவர் மனைவி லிண்டா கட்டியது அடக்கத்தன்று. உங்கள் கட்டுரையை நான் இந்த இடத்திலிருந்தே தொடங்குவேன்.