கண் அழுத்தம் நார்மல்தான், அப்புறம் எதற்குப் பார்வை நரம்பின் ரத்த ஓட்டத்தைப் படம் எடுக்கச் சொல்கிறார்கள்?

அழுத்தம் 16 (மி.மீ. பாதரசம்) என்று வந்ததாலேயே கிளாக்கோமா, அதாவது பார்வை நரம்பு பழுதாகிற நோய், இல்லை என்று ஆகிவிடாது. 10 முதல் 21 வரை நார்மல் என்பார்கள், அதற்குள் இருந்தும் பார்வை நரம்பு பழுதாகிறவர்கள் உண்டு.

உங்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பது ஓசிடி ஆஞ்சியோகிராஃபி, ஒளியை வைத்துக் கண்ணுக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் ஸ்கேன். ஊசி, சாயம் எதுவும் கிடையாது. தாடையை வைத்து ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தால், கருவி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்யும். அசையாத திசு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பதியும், சிவப்பணுக்கள் ஓடுகிற இடம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும், அந்த வித்தியாசத்தை வைத்தே ரத்தக் குழாய்களை வரைந்துவிடுகிறது. நல்ல கண்ணில் நரம்பைச் சுற்றி நுண்குழாய்கள் நெருக்கமாகத் தெரியும். கிளாக்கோமாவில் அங்கே ஆப்பு வடிவில் கருப்பாக இடைவெளி விழும், பெரும்பாலும் மேலே அல்லது கீழே.

ரத்தம் குறைந்ததால் நரம்பு செத்ததா, நரம்பு செத்ததால் ரத்தம் குறைந்ததா? அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

என்னைக் கேட்டால் முற்றிய நோயில்தான் இந்தப் படம் கூடுதலாக உதவும். நரம்பிழைப் படலம் (பார்வை நரம்பாகச் சேரும் இழைகளின் அடுக்கு) ஓரளவுக்கு மேல் மெலியாமல் நின்றுவிடும், குழாய் அடர்த்தி அதன் பிறகும் குறைவதைப் பார்க்கலாம். ஆனால் ரத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதை இது சொல்லாது. கண்புரை, உலர்ந்த கண், சின்ன அசைவு இருந்தாலே குழாய் அடர்த்தி எண் தப்பாக வரலாம், அதனால் ரிப்போர்ட்டில் சிக்னல் தரத்தை (படம் எவ்வளவு தெளிவாகப் பதிந்தது என்பதை) முதலில் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் பார்வைப் புலச் சோதனையும் கூடவே வேண்டும்.