சாயக்கழிவை ஆற்றில் விடும் ஆலைகளைப் பொறுப்பேற்க வைக்க முடியுமா? சாதாரண ஆட்கள் என்ன செய்யலாம்?

முடியும். ஆனால் அபராதம் போட்டு அல்ல, மூடச் சொல்லி ஆணை வாங்கித்தான். நொய்யல் ஆற்றில் நாங்கள் பார்த்தது அதுதான்.

எங்கள் தோட்டம் ஈரோடு மாவட்டம் சென்னிமலைப் பக்கம், திருப்பூருக்குக் கீழே நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கிட்டத்தில். 1992இல் அணை கட்டி முடித்தபோது இனி மஞ்சள் வைக்கலாம், கரும்பு வைக்கலாம் என்று அப்பா கணக்குப் போட்டார். வந்து நின்றதோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. அது நிலத்துக்குள் இறங்கிச் சுற்றியிருந்த கிணறுகளுக்கெல்லாம் வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. பாய்ச்சி இரண்டு நாள் காய்ந்தால், வாய்க்கால் ஓரத்தில் மாவு தூவியது போல உப்புப் பூத்திருக்கும். தென்னை ஓலை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும். எருமையைத் தொட்டிக்கு ஓட்டினால் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். “வாயில்லாத சீவனே வேண்டாங்குது, நீ குடிக்கிறயா கண்ணு?” என்று ஆத்தா என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கிக் கொட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து குடிக்க லாரித் தண்ணீர்தான்.

தெளிவாக இருந்தது என்று சொன்னேன் அல்லவா, விஷயமே அங்கேதான் இருக்கிறது. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பு ஏராளமாகப் போட வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் பிடித்துக்கொள்ளும். உப்பு அலசுகிற தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அன்றைய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை எடுத்தன, உப்பை எடுக்கவில்லை. உப்பைப் பிரிக்க ஆர்ஓ வேண்டும், அதில் மிஞ்சும் கரைசலைக் காய்ச்சி ஆவியாக்கும் கருவி வேண்டும். செலவு பிடிப்பது அந்த இடத்தில். ஆகவே “சுத்திகரித்துத்தான் விடுகிறோம்” என்று ஓர் ஆலை சொன்னால், டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு வகையறாக்களின் அளவு, எவ்வளவு என்று கேளுங்கள். கழிவுநீருக்கு வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம்.

நொய்யல் ஆயக்கட்டு (ஆற்றுப் பாசன நிலத்து) விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2007 ஜூலை 31க்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது. அதுவரை விடுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 பைசா, அப்புறம் 8, கடைசி இரண்டு மாதம் 10 பைசா கட்ட வேண்டும். பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கெடுத்தவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்பதை 2009 அக்டோபரில் அங்கேயும் உறுதிப்படுத்தினார்கள். அப்படியும் கழிவு நிற்கவில்லை. என் பார்வையில், பைசாக் கணக்கில் போட்ட அபராதம் கரண்ட் பில் மாதிரி இன்னொரு செலவாகிவிட்டது, அவ்வளவுதான். 2011 ஜனவரி 28 அன்று, கழிவை முழுதாக நிறுத்தும் வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கட்டுப்படியாகாது, நடக்கவே நடக்காது என்று வருடக்கணக்கில் சொல்லப்பட்டது அதற்குப் பிறகுதான் நடந்தது.

அந்தச் சமயத்தில் என் அத்தை மகன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சாயம் போட்ட துணி வராமல் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார். மச்சானுடைய அந்தக் கஷ்டத்தை நான் லேசாகச் சொல்லவில்லை. கருவிகளை 1990களிலேயே வைத்திருந்தால் அவருக்கு அது வந்தே இருக்காது. ஆலையைக் கேள்வி கேட்டால் பிழைப்புப் போய்விடும் என்கிறார்கள். கேட்காமல் விட்ட வருடங்கள்தான் அவர் பிழைப்பைக் கெடுத்தன.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த ஓடை, என்ன நிறம், என்ன வாடை. மழை பெய்த இரவுகளைக் கட்டாயம் குறியுங்கள். வெள்ளத்தோடு வெள்ளமாகத் திறந்துவிடுவது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி வாரம் ஒருமுறை கிணற்றிலும் ஓடையிலும் அளந்து எழுதுங்கள். நீங்களாகப் பாட்டிலில் பிடித்த தண்ணீர் ஆலைமேல் வழக்குப் போடப் போதாது. 1974 தண்ணீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி வந்து, ஆலைக்காரருக்குத் தெரிவித்து, மாதிரி எடுத்து முத்திரை வைக்க வேண்டும். அவரை எந்த நாளில், எந்த நேரத்தில் வரச் சொல்லிக் கேட்பது என்பதற்குத்தான் அந்த நோட்டு. ஆலை நடத்த வாரியம் கொடுத்த அனுமதியான இசைவாணையையும் பழைய பரிசோதனை அறிக்கைகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எவ்வளவு கழிவுக்கு அனுமதி என்பது இசைவாணையில் இருக்கும். மின் இணைப்பைத் துண்டித்து ஆலையை மூடவும் இதே சட்டத்தின் 33ஏ பிரிவில் இடமிருக்கிறது. வாரியத்துக்குக் கொடுக்கும் மனுவில் அந்தப் பிரிவின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

அதிலும் நகரவில்லை என்றால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கெட்ட நிலத்துக்கும் கிணற்றுக்கும் இழப்பீடு கேட்பதற்குப் பாதிப்பு தொடங்கியதிலிருந்து 5 ஆண்டு அவகாசம். மேல்முறையீடு அல்லாத மற்ற வழக்குகளுக்கு வெறும் 6 மாதம். முதல் தேதியை எழுதி வைக்காதவர்கள் அங்கே தவித்துப்போவார்கள்.

நோட்டில் கிணற்றின் சர்வே நம்பரையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் ஊரில் சேதக் கணக்கெடுக்க வந்தபோது நம்பர் வாரியாகத்தான் கேட்டார்கள். அப்பா மேட்டுத் தோட்டத்துக் கிணற்றை மட்டும்தான் அப்படி எழுதி வைத்திருந்தார். பள்ளத்துக் கிணறுதான் முதலில் கெட்டது. அதற்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.