வாசகர் கேள்வி – பதில்: ஆற்றலும் மானிடவியலும்

கேள்வி: பழங்குடிகளின் சடங்குகளையும் உறவுமுறைகளையும் ஆராயும் மானிடவியலுக்கு, எண்ணெய், மின்சாரம், பருவநிலை மாற்றம் ஆகியவற்றில் என்ன வேலை? (வாசகர், தாராபுரம்)

பதில்: நிறைய வேலை இருக்கிறது. ஆளொன்றுக்கு ஆண்டுதோறும் பயன்படும் ஆற்றல் பெருகப் பெருகப் பண்பாடு வளர்கிறது என்று 1943-இல் அமெரிக்க மானிடவியலாளர் லெஸ்லி வைட் வாதிட்டார். அந்த ஆற்றல் யார் கையில் இருக்கிறது என்பதை அளவு மட்டும் காட்டாது என்பதே பின்வந்தவர்களின் முதன்மையான மறுப்பு. நானும் அவர்கள் பக்கமே நிற்கிறேன்.

நம் கொங்கு நாட்டையே பாருங்கள். எருதுகளைப் பூட்டிக் கவலை (தோல்பையால் கிணற்று நீரை மேலே இழுக்கும் ஏற்றம்) இறைத்த காலத்தில், ஒரு கிணற்றின் நீர் மாட்டின் வலுவுக்கும் ஆளின் உழைப்புக்கும் உட்பட்டிருந்தது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. பின்னர் மோட்டார் பம்புகள் பரவ, வேளாண்மையே மின்கட்டணத்தை நம்பி நிற்கலாயிற்று. மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970 ஜூன் 19 அன்று திருப்பூர் அருகே பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்ததை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகப் பிறகு கிடைத்த இலவச மின்சாரம் பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆழ்துளைக் கிணறு போடப் பணம் உள்ளவருக்கே நீர் எட்டும்போது, பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றிவிடுகிறது.

எண்ணெயைப் பற்றித் திமோத்தி மிட்செல் என்னும் அரசியல் அறிஞர் கூறுவது கவனிக்கத்தக்கது. நிலக்கரியை வெட்டியவர்களும் ரயிலில் கொண்டுசென்றவர்களும் வேலைநிறுத்தத்தால் நாட்டையே நிறுத்த முடிந்ததால் உரிமைகளைப் பெற்றார்கள். குழாயில் ஓடும் எண்ணெய்க்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. தொழிலாளர் இல்லாத இடத்தில் நிலத்துக்காரர் எதிர்த்து நிற்கிறார் என்று இதனுடன் நான் சேர்ப்பேன். பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாய் தமிழகத்தின் மேற்கு மாவட்டங்கள் ஏழின் விளைநிலங்கள் வழியே வரவிருந்தபோது, 2013-இல் விவசாயிகள் எதிர்த்தார்கள். நெடுஞ்சாலையோரமாகப் பதிக்கும்படி மாநில அரசு கூறியதை 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

கேள்வி: அப்படியானால் காற்றாலையும் சூரிய மின்சாரமும் சிக்கலற்றவைதானே? (வாசகி, உடுமலைப்பேட்டை)

பதில்: கரிம உமிழ்வைக் குறைப்பதால் அவை கட்டாயம் வேண்டும்; ஆனால் சிக்கலற்றவை அல்ல. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகள் பலவும் நூற்பாலைகளுக்குச் சொந்தமானவை என்பதையும் மறக்கக் கூடாது. காங்கேயம் பகுதியின் கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல் மேயும் மாடும் ஆடும், மழை பொய்த்த ஆண்டுகளில் மானாவாரிக் குடும்பங்களைக் காத்துவருபவை. அந்த நிலத்தைச் சூரியத் தகடுகள் மூடினால், பருவநிலை மாற்றத்துக்கு மிகக் குறைவாகவே காரணமான அக்குடும்பங்கள் அதன் தீர்வுக்கும் விலை கொடுக்க நேரும். ஆகவே ஒப்பந்தத்துக்கு முன், நிலத்தின் உரிமையாளரோடு அங்கே மேய்ப்பவரையும் கேட்க வேண்டும்.